பெற்றோரின் வீடும் நிலமும்: வாரிசுகள் முன்கூட்டியே செய்ய வேண்டியவை

கிராமத்தில் அப்பா, அம்மா இருக்கும் வீடு வெறும் குடியிருப்பு மட்டுமல்ல. அதை ஒட்டி மாட்டுக்கொட்டகை, களம், வைக்கோல் போர் போடும் இடம், சற்றுத் தள்ளிக் கிணறு, அதற்கு அப்பால் தோட்டம் என்று எல்லாம் ஒரே குடும்பத்தின் அனுபவத்தில் இருக்கும். ஆனால் ஆவணங்களில் இவை ஒவ்வொன்றும் தனித்தனி. வீட்டுமனை ஒரு எண்ணில், தோட்டம் வேறு எண்ணில், கிணறு கூட்டில், மின் இணைப்பு தாத்தா பெயரில் என்று சிதறிக் கிடக்கும். எது எங்கே இருக்கிறது என்பது பெற்றோருக்கு மட்டுமே முழுதாகத் தெரியும்.

அவர்கள் காலத்துக்குப் பிறகு இதைச் சரிசெய்வதைவிட, அவர்கள் இருக்கும்போதே கேட்டுச் சரிசெய்வது எளிது, செலவும் குறைவு. தமிழ்நாட்டு விவசாயக் குடும்பங்கள் இதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

ஒரு கணக்கைப் பாருங்கள். தாத்தா தாமே சம்பாதித்து வாங்கிய 3 ஏக்கர், அதாவது 300 சென்ட் நிலம் இருக்கிறது. அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அப்போது இருந்தவர்கள் பாட்டி, இரண்டு மகன்கள், ஒரு மகள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் சம பங்கு, ஆளுக்கு 75 சென்ட். பட்டாவை யாரும் மாற்றவில்லை.

பிறகு பாட்டியும் உயில் இல்லாமல் காலமானார். அவருடைய 75 சென்ட் மூன்று பிள்ளைகளுக்கும் போக, இப்போது ஆளுக்கு 100 சென்ட்.

அடுத்து மூத்த மகன் இறந்தார். அவருடைய 100 சென்ட் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 25 சென்டாகப் போகிறது. பின்னர் மகளும் இறந்தார். அவருடைய 100 சென்ட் கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 33 சென்டுக்குச் சற்று கூடுதலாகப் போகிறது.

தாத்தா இறந்தவுடன் உட்கார்ந்து பேசியிருந்தால் 4 கையெழுத்தில் முடிந்திருக்கும். இப்போது 8 பேர் வேண்டும். அதில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கலாம். ஒருவர் மைனராக இருந்தால், அவர் பங்கை விற்பதற்கு நீதிமன்ற அனுமதி தேவைப்படும். இதற்கிடையே நிலத்தை உழுது பயிரிடுவது இளைய மகன் ஒருவர்தான். அவர் பெயரில் பட்டா இல்லாததால் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, மானியம், விவசாயி அடையாள எண் என ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டியிருக்கும்.

முதல் வேலை: ஆவணங்களைத் திரட்டுதல்

பெற்றோருடன் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கீழ்க்கண்டவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

* கிரயப் பத்திரம், பழைய பாகப்பிரிவினைப் பத்திரம், தானப் பத்திரம் போன்ற மூலப் பத்திரங்கள்.
* பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம்.
* வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தைய பதிவுகளைப் பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு செய்ய வேண்டும்.
* வீட்டு வரி ரசீது, குடிநீர் வரி ரசீது, நிலவரி ரசீது.
* வீட்டு மின் இணைப்பு, விவசாய மின் இணைப்பு அட்டைகள்.
* கூட்டுறவுச் சங்கம், வங்கிக் கடன் கணக்கு விவரங்கள்.
* தாத்தா, பாட்டி ஆகியோரின் இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ்.

திரட்டிய பிறகு ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுங்கள். பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் தெரியவரும்.

பெயர்: பத்திரத்தில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து, பட்டாவில் முதலெழுத்து இல்லை என்றால், பெற்றோர் இருக்கும்போதே திருத்தம் கேளுங்கள். இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க அவரே நேரில் நிற்பதைப் போன்ற சான்று வேறில்லை.

சர்வே எண்: பழைய பத்திரத்தில் பழைய எண்தான் இருக்கும். 1980-களில் நடந்த யுடிஆர் நில ஆவணப் புதுப்பிப்பின்போது பல இடங்களில் எண், பரப்பு, பெயர் தவறாக ஏறியிருக்கின்றன. பத்திரத்தில் 1 ஏக்கர் 20 சென்ட், பட்டாவில் 1 ஏக்கர் என்று இருந்தால், பத்திர நகலுடன் வருவாய்த் துறைக்கு மனு கொடுக்க வேண்டும்.

செக்குபந்தி: பத்திரத்தில் நான்கு பக்கமும் யார் நிலம் என்று எழுதியிருக்கும். அந்தப் பெயர்கள் எல்லாம் இரண்டு தலைமுறைக்கு முந்தையவை. இன்று அந்த நிலம் யாரிடம் இருக்கிறது, எல்லைக் கல் எங்கே என்பதை அப்பாவுடன் வரப்பில் நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூலப் பத்திரம் தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் அளித்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று பெறுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலும் வாங்கி வையுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. சொத்து எப்படி வந்தது என்பதைக் காட்டுவது பத்திரம். இரண்டும் பொருந்தியிருப்பதே பாதுகாப்பு.

வீடு எந்த இடத்தில் இருக்கிறது?

கிராமத்து வீடுகள் பலவற்றுக்குப் பத்திரமே இருக்காது. அவை நத்தம் நிலத்தில் தலைமுறையாக அனுபவத்தில் இருப்பவை. நத்தம் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசு அடிப்படையில் முதலில் அப்பாவின் தலைமுறைக்கு மாற்றுங்கள். அந்தப் படியைத் தாண்டி நேராக உங்கள் பெயருக்கு வர முடியாது.

வீட்டு வரி ரசீது உங்கள் பெயரில் இருப்பதால் வீடு உங்களுடையது ஆகிவிடாது. அது அனுபவத்துக்கான துணைச் சான்று மட்டுமே.

அப்பா பெயரில் உள்ள மனையில் மகன் தன் பணத்தைப் போட்டு வீடு கட்டுவது ஊரில் சகஜம். பின்னாளில் அதிகமாகச் சண்டை வருவதும் இதில்தான். மனை அப்பாவுடையதாகவே இருக்கும்போது, அதில் மற்ற பிள்ளைகளும் பங்கு கேட்க முடியும். எனவே கட்டுமானம் தொடங்கும் முன்பே அந்த மனைக்கு மட்டுமாவது பத்திரம் முடித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால், செலவுக் கணக்கு, வங்கிப் பரிமாற்றம், கடன் ஆவணங்களைப் பத்திரப்படுத்துங்கள்.

அரசு ஒப்படைப்பு செய்த நிலம் அல்லது மனை என்றால், ஒப்படை ஆணையில் உள்ள நிபந்தனைகளைப் படியுங்கள். அத்தகைய நிலங்களை விற்கவும் கைமாற்றவும் கட்டுப்பாடுகள் உண்டு.

யாருக்கு எவ்வளவு பங்கு?

உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவரவர் சமயத்துக்குரிய வாரிசுச் சட்டம் பொருந்தும்.

இந்துக்கள்: 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்த ஆணின் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சமமாகப் போகும். தந்தை இந்த முதல் வரிசையில் இல்லை. முன்பே இறந்துவிட்ட பிள்ளையின் பங்கு, அந்தப் பிள்ளையின் குடும்பத்துக்குப் போகும். இறந்தவர் பெண் என்றால் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகச் சேரும்.

பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்று திருமணமாகாமல் இருந்த பெண்களுக்கு இந்த உரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டத் திருத்தம், திருமணமான பெண்களுக்கும் சேர்த்து இதை வழங்கியது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமாகவோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமாகவோ முடிந்துவிட்ட பாகப்பிரிவினைகளை இது பாதிக்காது.

குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண்கள் பாகம் கேட்க முடியாது என்று முன்பு ஒரு பிரிவு இருந்தது. அதுவும் 2005-இல் நீக்கப்பட்டுவிட்டது.

கிறிஸ்தவர்கள்: 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கணவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக.

முஸ்லிம்கள்: இஸ்லாமிய வாரிசுச் சட்டம் பொருந்தும். உயில் மூலம் பொதுவாகச் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க, வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

"கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்று, அவளுக்குப் பங்கு இல்லை" என்ற பேச்சு சட்டத்தில் நிற்காது. மகள் தன் பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால், அதற்குரிய வழி பதிவு செய்த விடுதலைப் பத்திரம். அதையும் அவர் விவரம் தெரிந்து, விருப்பத்துடன் செய்ய வேண்டும். அவரைக் கேட்காமல் போட்ட திட்டம் எதுவும் நிலைக்காது.

மூன்று வழிகள்: எது உங்களுக்குப் பொருந்தும்?

1. உயில்

எழுதியவர் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். அதுவரை சொத்து முழுக்க அவருடையதுதான். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம். முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, அவர் கையெழுத்திட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும்.

பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும், பதிவு செய்வதே நல்லது. நடமாட முடியாதவர் என்றால், சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய மனு கொடுக்கலாம். உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்க நேர்ந்தால் சாட்சிகளில் ஒருவராவது சொல்ல வேண்டிவரும். எனவே சொத்து பெறாதவராகவும், எழுதுபவரைவிட வயதில் இளையவராகவும், ஊரில் இருப்பவராகவும் பார்த்துச் சாட்சி போடுங்கள்.

தன் சொந்தச் சொத்தையும், கூட்டுச் சொத்தில் தன் பங்கையும் மட்டுமே உயிலில் எழுத முடியும். பிள்ளைகளின் பங்கையும் சேர்த்து எழுதினால் அந்த அளவுக்கு அது செல்லாது.

2. தான செட்டில்மெண்ட்

பதிவு செய்த உடனேயே உரிமை மாறிவிடும். பொதுவாக, கொடுத்தவர் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. தமிழ்நாட்டில் 2023 ஜூலையில் மாற்றியமைக்கப்பட்ட கட்டணப்படி, பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். பத்திரம் எழுதும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் அன்றைய கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. பாகப்பிரிவினை

பூர்வீகச் சொத்து, அல்லது ஏற்கெனவே பலர் பெயரில் கூட்டாக உள்ள சொத்து என்றால் இதுதான் வழி. பங்குதாரர்கள் எல்லோரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்ய வேண்டும். பெரியவர்கள் முன்னிலையில் கூர்சீட்டு எழுதி வைத்திருக்கிறோம் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பதிவில்லாத பிரிவினைத் தாளை வைத்து உரிமையை நிலைநாட்டுவது கடினம். கூர்சீட்டில் கண்டபடியே பதிவுப் பத்திரம் போட்டு, உட்பிரிவு செய்து, தனிப் பட்டா வாங்கிவிடுங்கள்.

பெற்றோரின் பாதுகாப்பை முதலில் எழுதுங்கள்

முன்கூட்டியே திட்டமிடுவது என்றால், பெற்றோரிடமிருந்து சொத்தை இப்போதே எழுதி வாங்குவது என்று பொருள் அல்ல. எழுதிக் கொடுத்த பிறகு சொந்த வீட்டிலேயே ஒண்டி வாழ நேர்ந்த பெரியவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். யாருக்கு எப்போது கொடுப்பது என்ற முடிவு அவர்களுடையது. தயக்கம் இருந்தால் உயிலே போதும்.

செட்டில்மெண்ட்தான் என்று முடிவானால் இந்த இரண்டையும் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

* தாய், தந்தை இருவரின் ஆயுள் முழுவதும் வீட்டில் குடியிருக்கவும் நிலத்தின் வருமானத்தை அனுபவிக்கவும் உரிமை.
* சொத்தைப் பெறுபவர் அவர்களுக்கு உணவு, மருத்துவம் உள்ளிட்ட பராமரிப்பைச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை.

இரண்டாவது நிபந்தனை முக்கியமானது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவுப்படி, பராமரிப்பு நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த 60 வயது நிறைந்தவர், அது நிறைவேறாவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். நிபந்தனை எழுத்தில் இருந்தால் இது எளிது.

கிணறு, பாதை, மின் இணைப்பு

வீட்டையும் நிலத்தையும் பிரிப்பவர்கள் அடிக்கடி விட்டுவிடுவது இவற்றைத்தான். பத்திரத்தில் ஒரு வரி விடுபட்டால், நல்ல நிலமும் தண்ணீர் இல்லாமல் தரிசாகும்.

* கிணறு யார் பங்கில் வருகிறது? மற்றவர்களுக்கு எத்தனை நாள் முறை, எந்த நேரம்? தூர்வாரும் செலவு யாருக்கு எவ்வளவு?
* குழாய், வாய்க்கால் யார் நிலத்தின் வழியே போகிறது? அதைத் தடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா?
* உள்ளே இருக்கும் பங்குக்கு வண்டிப்பாதை உண்டா? டிராக்டரும் அறுவடை இயந்திரமும் போகும் அகலத்தை அடிக் கணக்கில் எழுதுங்கள். "வழக்கமான பாதை" என்று எழுதினால் போதாது.
* களம், எருக்குழி, கொட்டகை பொதுவா, தனியா?
* வரப்பில் உள்ள தென்னை, பனை, புளி மரங்கள் யாருக்கு?

இலவச விவசாய மின் இணைப்பு இறந்தவர் பெயரிலேயே கிடப்பது பல ஊர்களில் உண்டு. வாரிசு ஆவணங்களுடன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். கூட்டுக் கிணறு என்றால் மற்ற பங்குதாரர்களின் சம்மதமும் கேட்கப்படும்.

கடன்களை மறைக்க வேண்டாம்

பயிர்க்கடன், நகைக்கடன், நிலத்தை அடமானம் வைத்த கடன், கைமாற்று எல்லாவற்றையும் பட்டியலில் சேருங்கள். பெற்றோரின் கடனுக்கு வாரிசுகள் பொதுவாகத் தாங்கள் பெற்ற சொத்தின் மதிப்பு வரைதான் பொறுப்பு. ஆனால் அடமானக் கடன் நிலத்தோடு ஒட்டியே வரும். அடைத்துவிட்ட கடன் என்றால், அடமானத்தை ரத்து செய்யும் ரசீதுப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்றில் பாருங்கள்.

வங்கிக் கணக்குகளில் நாமினி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கும் பொறுப்பில் இருப்பவர். அந்தப் பணம் வாரிசுகள் எல்லோருக்கும் உரியது.

பெற்றோர் காலமான பிறகு: வரிசைப்படி வேலைகள்

1. 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்து, சான்றிதழில் பல நகல்கள் வாங்குங்கள். பெயர் ஆதாரிலும் பத்திரத்திலும் உள்ளபடி இருக்கட்டும்.
2. இ-சேவை மையம் மூலம் வட்டாட்சியருக்கு வாரிசு சான்றிதழ் கோரி விண்ணப்பியுங்கள். குடும்ப அட்டையில் பெயர் இல்லாத திருமணமான மகள்களையும் கட்டாயம் சேருங்கள். ஒருவரை மறைத்து வாங்கிய சான்றிதழ் பின்னாளில் ரத்தாகலாம்.
3. உயில் இருந்தால் எல்லா வாரிசுகளுக்கும் காட்டுங்கள்.
4. வாரிசுகள் பெயரில் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள். பாகப்பிரிவினை முடிந்ததும் உட்பிரிவுடன் தனிப் பட்டா கேளுங்கள்.
5. வீட்டு வரி, மின் இணைப்பு, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பதிவு ஆகியவற்றை மாற்றுங்கள்.
6. பிஎம் கிசான் தொகை இறந்தவர் கணக்குக்கு வந்துகொண்டிருந்தால் வேளாண் அலுவலகத்தில் தெரிவித்து நிறுத்துங்கள். அதை எடுத்துச் செலவழித்தால் திருப்பிக் கட்ட நேரிடும். அத்திட்டத்தில் 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் பெற்றவர்களுக்குத் தகுதி இல்லை என்றாலும், வாரிசு வழியில் பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு. பட்டா மாறியதும் விண்ணப்பிக்கலாம்.

கேள்வி - பதில்

தாத்தா சொத்தில் பேரனுக்கு நேரடிப் பங்கு உண்டா?
தாத்தா சுயமாகச் சம்பாதித்து, 1956-க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்து, அது அப்பாவுக்கு வந்திருந்தால் அது அப்பாவின் தனிச்சொத்து. அப்பா இருக்கும்வரை பேரன் பங்கு கேட்க முடியாது. பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்து என்றால் பிறப்புரிமை உண்டு. எது எந்த வகை என்பதை மூலப் பத்திரத்தைக் காட்டி வழக்கறிஞரிடம் உறுதி செய்யுங்கள்.

அண்ணன் தன் பங்கை வெளியாருக்கு விற்கப் பார்க்கிறார். என்ன செய்வது?
இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவுப்படி, வாரிசு வழியில் சேர்ந்து சொத்து பெற்றவர்களில் ஒருவர் தன் பங்கை விற்கும்போது, வாங்குவதில் மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை உண்டு. இது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் கூறியுள்ளது. தாமதிக்காமல் எழுத்து மூலம் உங்கள் விருப்பத்தைத் தெரிவியுங்கள்.

வாரிசு வழியில் வந்த சொத்துக்கு வரி உண்டா?
இந்தியாவில் வாரிசுச் சொத்துக்கென்று வரி இல்லை. முன்பிருந்த எஸ்டேட் வரி 1985-இல் நீக்கப்பட்டது. பின்னர் நீங்கள் அந்த வீட்டை விற்றால் வரும் லாபத்துக்கு வருமான வரி பொருந்தும்.

பேச்சைத் தொடங்குவது எப்படி?

"சொத்தை எப்போது பிரிக்கலாம்?" என்று கேட்டால் எந்தப் பெற்றோருக்கும் மனம் வலிக்கும். "பத்திரத்தையும் பட்டாவையும் ஒருமுறை சரிபார்த்து வைக்கலாமா, அப்பா?" என்று கேளுங்கள். பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ அக்கா, தங்கை உட்பட எல்லோரும் வந்திருக்கும் நாளாகப் பாருங்கள். அன்று எதையும் முடிவு செய்ய வேண்டாம். பட்டியலை மட்டும் எழுதி, ஆளுக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரமே வில்லங்கச் சான்றுக்கு மனு போட்டுவிடுங்கள். சான்று கையில் வந்ததும், எந்தப் பத்திரம் பொருந்தும் என்று பெற்றோரையும் அழைத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் கலந்து பேசுங்கள்.